பனிக்கட்டி தேவைப்படாத ஆய்வகம்

1982இல், வெப்பப் பரிமாற்ற ஆய்வக வகுப்பு இருக்கும் நாளில் எங்களில் ஒருவன் காலை 7 மணிக்கே மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். சைக்கிள் கேரியரில் சாக்குப் பை, அதில் 2 கிலோ பனிக்கட்டி. கல்லூரிக்கு வந்ததும் அதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவோம். மீன் கடைப் பனிக்கட்டியில் உப்பு ஒட்டியிருக்கும். உப்பு ஒட்டிய பனிக்கட்டி சைபர் டிகிரியில் நிற்காது, அதற்கும் கீழே இறங்கிவிடும். அலசி, உடைத்து, தெர்மாஸ் குடுவையில் நிரப்பி, தெர்மோகப்பிளின் குளிர் முனையை அதற்குள் இறக்கிய பிறகுதான் சோதனை தொடங்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டைத்தான் தெர்மோகப்பிள் மின்னழுத்தமாகச் சொல்கிறது. ஒரு முனை உறுதியாகச் சைபரில் நின்றால்தான் மறுமுனையின் சூடு தெரியும்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, என் தங்கையின் பேத்தி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் இரும்புத் தகட்டைச் சூடாக்கினாள். கெமிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி அவள். தகடு இருந்ததோ 600 கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் பூட்டிய அறையில். அவள் மடிக்கணினியில் ஓர் எண்ணைத் தட்டினாள். அங்கே நிக்ரோம் கம்பிச் சுருள் சூடேறியது. தகட்டின் வெப்பநிலை நொடிக்கு ஒரு புள்ளியாக இங்கே திரையில் விழுந்தது. மார்க்கெட் இல்லை, சாக்கு இல்லை, குடுவை இல்லை. நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 31 ஆண்டுகள் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அன்றைய இரவு மீண்டும் மாணவனாகும் இரவாக இருந்தது.

ஐந்து பேரும் ஒரு பித்தளைக் கம்பியும்

எங்கள் ஆய்வகம் ஓடு வேய்ந்த நீண்ட கொட்டகை. சுவரோரமாகப் பத்துக் கருவிகள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஏறத்தாழ இதே பட்டியல்தான் இருக்கும்: காப்புப் பொருளின் கடத்துதிறனை அளக்கும் தட்டு, மேலே காப்பு சுற்றிய குழாய், செங்குத்து உருளையிலிருந்து இயற்கையாக எழும் காற்றோட்டம், ஊதுகாற்று செல்லும் குழாய், ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் மாறிலி, இணை ஓட்ட, எதிர் ஓட்ட வெப்பப் பரிமாற்றி, பின் ஃபின். இதில் பின் ஃபின்தான் எனக்கு வாய்த்த முதல் கருவி. ஒரு காற்றுக் குழாய்க்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கம்பி. 12 மில்லிமீட்டர் தடிமன், 150 மில்லிமீட்டர் நீளம். அதன் ஒரு முனையைச் சூடாக்குவோம். கம்பியின் மேல் ஐந்து இடங்களில் தெர்மோகப்பிள்கள். ஆறாவது, காற்றின் வெப்பநிலைக்கு.

30 பேர் கொண்ட பிரிவு, கருவிக்கு ஐந்து பேர். ஒருவன் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டைத் திருப்புவான். ஒருவன் பொட்டென்ஷியோமீட்டரின் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து மில்லிவோல்ட்டைப் படிப்பான். ஒருவன் எழுதுவான். மற்ற இருவரும் பார்ப்பார்கள். எங்கள் தெர்மோகப்பிள் தருவது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். 100 டிகிரி வித்தியாசம் இருந்தால் 4.1 மில்லிவோல்ட். அட்டவணையில் விரலை வைத்து ஓட்டி மில்லிவோல்ட்டை டிகிரியாக மாற்ற வேண்டும். திருகாணி தளர்ந்தால் முள் ஆடும். ஆடும் முள்ளை அடக்க எங்களால் முடியாதபோது ஆய்வக உதவியாளரைக் கூப்பிடுவோம். நாங்கள் எல்லோரும் அவரை 'அண்ணே' என்றுதான் அழைத்தோம். அவர் பட்டம் படித்தவரில்லை. ஆனால் எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்பதை முள் ஆடும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பிறகு காத்திருப்பு. மின்சாரத்தைக் கொடுத்ததும் கம்பியின் அடிப்பகுதி சூடாகும், சூடு மெல்ல நுனியை நோக்கி நகரும், வழியெங்கும் காற்றுக்குப் போகும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகி, எந்த இடத்திலும் வெப்பநிலை மாறாமல் நிற்கும் நிலைதான் ஸ்டெடி ஸ்டேட். அது வருவதற்கு முக்கால் மணி நேரமாகும். சில நாள் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு பார்ப்போம். அடுத்தடுத்து மூன்று முறை ஒரே அளவு வந்தால் எழுதலாம். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. மூன்று மணி நேர வகுப்பில், இரண்டு மின்னழுத்தங்களில், ஆறு இடங்களின் வெப்பநிலை: மொத்தம் 12 எண்கள். ஒரு பருவம் முழுவதற்கும் அந்தக் கம்பியிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இயற்கைக் காற்றோட்டச் சோதனை இன்னும் கடினமானது. காற்று அசையக் கூடாது என்பதால் மின்விசிறிகளை நிறுத்தி, சன்னல்களையும் சாத்திவிடுவார்கள். ஏப்ரல் மாதத்தில் அந்தக் கொட்டகைக்குள் 36, 37 டிகிரி. யாராவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், வந்த காற்றைக் கருவி உணர்வதற்கு முன்பே எங்கள் பிடரி உணர்ந்துவிடும். 'கதவைச் சாத்துடா' என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கத்துவோம்.

பவாயில் பிறந்த சிறு பலகை

பேத்தி இயக்கிய கருவியை அவள் கல்லூரிப் பாடக் குறிப்பில் படமாகப் பார்த்தேன். மேசையின் ஒரு மூலையில் அடங்கிவிடும் அளவு. ஓர் இரும்புத் தகடு. அதிலிருந்து சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிக்ரோம் சுருள். கீழே கணினிக்குள் இருக்கும் வகையான சிறு விசிறி. தகட்டின் மேல் ஏ.டி.590 என்னும் உணரி. இவற்றை ஆட்டுவிக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர். மாணவர் மாற்றக்கூடியவை இரண்டு: சுருளுக்குப் போகும் மின்திறன், விசிறியின் வேகம். அளக்கக்கூடியது ஒன்று: தகட்டின் வெப்பநிலை.

இந்த வடிவம் மும்பை பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யில் உருவானது. அங்கே வேதிப் பொறியியல் பேராசிரியராக இருந்த கண்ணன் மௌத்கல்யாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 'சிங்கிள் போர்டு ஹீட்டர் சிஸ்டம்' என்ற பெயரில் 2010இல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். செலவு குறைவாக இருக்க வேண்டும், வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நோக்கம். சைலேப் என்னும் கட்டற்ற மென்பொருள் மாணவரின் கணினியில் ஓடும்; கருவிகள் அங்கே அடுக்கில் இருக்கும்; மாணவர் நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு இணையம் வழியே தமக்குரிய கருவியைச் சூடாக்கலாம், குளிர்விக்கலாம். அதே பேராசிரியர் தொடங்கிய ஸ்போகன் டியுடோரியல் திட்டத்தில் சைலேப் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. ஆங்கில வழிப் பாடத்தைத் தமிழில் யோசித்துப் புரிந்துகொள்ளும் மாணவர்களுக்கு அது சிறிய உதவியன்று.

குளிர் முனையும் பனிக்கட்டியும் ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு விடை அந்த உணரியில் இருக்கிறது. ஏ.டி.590 ஒரு கெல்வினுக்கு 1 மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை விடும். இன்னொரு முனையோடு ஒப்பிட வேண்டியதில்லை. 300 கெல்வின் என்றால் 300 மைக்ரோஆம்பியர். அன்று 41 மைக்ரோவோல்ட்டுக்கு ஒரு டிகிரி என்று அட்டவணையில் தேடினோம். இன்று அட்டவணையே அந்தச் சில்லுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் வெப்பநிலை என்பது எப்போதும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லும் அளவு என்பதை எனக்குக் கைகளால் உணர்த்தியது அந்தக் குடுவை. பேத்திக்கு அதை நான் வாயால்தான் சொல்ல முடிந்தது.

தொலைவிலிருந்து பார்த்த முதல் சூடு

இணையத்தில் கேமரா வழியே உலகம் முதலில் பார்த்த பொருளே ஒரு சூடான பொருள்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் காபிக் குடுவையில் காபி இருக்கிறதா என்று மாடி ஏறாமலே தெரிந்துகொள்ள 1991இல் ஒரு கேமரா வைத்தார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. 2001 வரை அது ஓடியது. ஆனால் பார்க்கத்தான் முடிந்தது, சூடாக்க முடியாது.

தொலைவிலிருந்து ஒன்றை அசைப்பது 1990களின் நடுவில் வந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் இருந்த ஒரு ரோபோக் கையை 1994இல் எவரும் இணையம் வழியே இயக்க முடிந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1998இல் ஹெசூஸ் டெல் அலாமோ நுண்மின்னணுச் சோதனையை இணையத்தில் வைத்தார். ஐலேப் என்று பெயர் பெற்ற அந்த முயற்சியில், 2000களின் தொடக்கத்தில் கிளார்க் கோல்டன் வெப்பப் பரிமாற்றி ஒன்றைச் சேர்த்தார். சுடுநீர் ஒரு பக்கம், குளிர்நீர் ஒரு பக்கம்; இரண்டின் ஓட்டத்தையும் மாணவர் தம் விடுதி அறையிலிருந்தே கூட்டிக் குறைத்தார்கள். நைஜீரியா, உகாண்டா, தான்சானியா பல்கலைக்கழகங்களும் பிறகு ஐலேப் முயற்சியில் கை கோத்தன.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 2009இல் தொடங்கிய தேசியக் கல்வித் தொழில்நுட்ப இயக்கத்தின் கீழ் மெய்நிகர் ஆய்வகங்கள் உருவாயின. ஐ.ஐ.டி.களோடு கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றது. நியூட்டன் குளிர்வு விதி, லீ தட்டு போன்ற, நாம் பள்ளியிலும் கல்லூரியிலும் செய்த சோதனைகளை அந்தத் தளத்தில் காணலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். பாவனைச் சோதனையில் வரும் எண்ணைத் தருவது சமன்பாடு. அங்கே எதுவும் சூடாவதில்லை. தொலைவிலிருந்து இயக்கும் சோதனையில் எங்கோ ஓர் உலோகம் உண்மையாகவே சூடாகிறது. முன்னது தவறு செய்யாது. பின்னது தவறு செய்யும், தூசி படியும், பழசாகும். படிக்கிறவனுக்கு இரண்டாவதே மேல்.

இணையத்துக்கு வெப்பச் சோதனை பொருந்தி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெப்பம் மெதுவாக நடப்பது. கட்டளை 600 கிலோமீட்டர் போய்த் திரும்பும் நேரம் ஒரு நொடியில் சிறு பகுதி. தகடோ புது நிலைக்கு நகர நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலை புது நிலையை நோக்கி 63.2 சதவீத தூரம் கடக்க ஆகும் நேரத்தைக் கால மாறிலி என்கிறோம். அதோடு ஒப்பிட்டால் இணையத் தாமதம் ஒன்றுமேயில்லை. எங்களைச் சலிக்க வைத்த அதே மந்தம்தான் இன்று இந்தச் சோதனையை ஊர் கடந்து செய்ய முடிவதற்கு வழி விட்டிருக்கிறது.

12 எண்களும் 10,800 எண்களும்

பேத்தியின் முன்பதிவு ஒரு மணி நேரம். சுருள், விசிறி, வெப்பநிலை என்று நொடிக்கு மூன்று எண்கள். ஒரு மணி நேரத்தில் 10,800. எங்கள் மூன்று மணி நேரத்துக்கு 12. நாங்கள் கண்டது ஸ்டெடி ஸ்டேட் என்னும் முடிவை மட்டும். அங்கே போய்ச் சேரும் வழியை எங்களால் எழுத முடியவில்லை. முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் வெப்பநிலை மாறிவிடும். அவளோ முழு வழியையும் வளைகோடாகப் பார்க்கிறாள். விசிறியை ஒரு படி கூட்டியதும் கோடு எப்படி வளைந்து இறங்குகிறது, முதலில் வேகமாகவும் பிறகு தயங்கியும் எப்படி நிற்கிறது என்பதை அவள் கண்ணால் கண்டாள். அதை நான் கண்ணால் கண்டது வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு பதிவுக் கருவி வாங்கிய பிறகுதான்.

கருவி முன்னால் அவள் தனி ஆள். டிம்மரும் அவளே, முள்ளும் அவளே, எழுதுகிறவளும் அவளே. எங்கள் ஐவரில் பார்த்துக்கொண்டு மட்டும் நின்ற இருவர் பட்டம் பெறும் வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். பிற்காலத்தில் நான் ஆசிரியராக நின்றபோதும் ஒவ்வொரு குழுவிலும் அந்த இருவர் இருந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் மாணவிகளாக இருந்தார்கள். பெண்கள் விடுதிக்கு மாலை 6 மணிக்குள் திரும்பியாக வேண்டும் என்ற விதியால், சோதனை நீளும் நாளில் அவர்கள் பாதியில் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் பையன்களின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். இன்று இந்தப் பெண் இரவு 10 மணிக்குத் தன் கையால் விசிறியைக் கூட்டுகிறாள். இந்தப் பாடத்தில் நான் கண்ட மாற்றங்களில் என் மனம் முழுதாக ஒப்புக்கொண்ட மாற்றம் இது.

தனி ஆள் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் சோதனையில் சுடுநீர் உறையால் சூழப்பட்ட அரைக்கோளத்துக்குள் ஒரு சிறு தாமிரத் தட்டைச் செருகிய நொடியிலிருந்து, 5 நொடிக்கு ஒரு முறை வெப்பநிலையைப் படிக்க வேண்டும். ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து 'இப்போ' என்பான், ஒருவன் எண்ணைச் சொல்வான், ஒருவன் எழுதுவான். ஒருவன் தடுமாறினால் மூவருக்கும் பாழ். ஒருவரையொருவர் நம்பி வேலை செய்ய நான் பழகியது அந்த 'இப்போ' என்ற சொல்லில்தான். அந்தச் சொல்லுக்கு இப்போது தேவை இல்லை.

கணக்கிடும் முறையும் மாறிவிட்டது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றிய சி.பி. கோதண்டராமன், எஸ். சுப்ரமணியனோடு சேர்ந்து தொகுத்த தரவு நூல் எங்கள் மேசையில் எப்போதும் திறந்தே கிடக்கும். மாணவர்களுக்கு அது 'டேட்டா புக்'. 30 டிகிரிக் காற்றின் கடத்துதிறன் 0.02675, தாமிரத்துக்கு 386 என்று பார்த்துப் பார்த்தே மனப்பாடமாகிவிட்டன. வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்து, அவற்றுக்கு நடுவே ஸ்கேலைச் சாய்த்துக் கண்ணால் ஒரு கோடு இழுப்போம். விடையை மூன்று இலக்கத்துக்கு மேல் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். "உன் மில்லிவோல்ட் மீட்டர் சொல்லாததை நீ சொல்லாதே" என்பார். பேத்தியின் கணினி ஒரு நொடியில் கோட்டைப் பொருத்தியது. கால மாறிலிக்குத் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள் கொடுத்தது. ஆறையும் அவள் அறிக்கையில் எழுதினாள். நான் பழைய ஆசிரியரின் வாக்கியத்தைச் சொன்னேன். நான்கை அழித்தாள்.

பொய்யும் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. அன்று சீனியரின் ரெக்கார்டிலிருந்து எண்களை எடுத்து எழுதும் வழக்கம் உண்டு. ஒரு முறை நானும் அப்படி எழுதினேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. ஆசிரியர் பார்த்துவிட்டு, "வெப்பம் இவ்வளவு ஒழுக்கமாக நடக்காது தம்பி" என்று மட்டும் சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார். அன்று மாலை மறுபடியும் பனிக்கட்டி வாங்கி வந்து சோதனை செய்தேன். இன்று யார் எந்த நொடியில் எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பது கருவியின் பதிவேட்டில் இருக்கும். ஏமாற்றுவது கடினமாகிவிட்டது, மன்னித்துத் திருப்பித் தரும் வாய்ப்பும் குறைந்துவிட்டது.

எல்லையையும் இப்போது மென்பொருள் காக்கிறது. அளவுக்கு மேல் சூடேற்றச் சொன்னால் கருவி மறுத்துவிடும். எங்கள் காலத்தில் மறுத்தது ஆசிரியரின் குரல். குரல் எட்டாத நாளில் சுருளின் காப்புப் பூச்சு கருகும் வாசனை. அந்த வாசனையை ஒரு முறை முகர்ந்தவன் டிம்மரை மறுபடி வேகமாகத் திருப்ப மாட்டான். இன்றைய மாணவருக்குக் காயம் இல்லை, கருவிக்கும் சேதம் இல்லை. எது எல்லை என்பது தெரிகிறது. எல்லை மீறினால் என்ன ஆகும் என்பது தெரிவதில்லை.

தானே ஏறிய கோடு

அன்றிரவு 10:20 இருக்கும். பேத்தி சுருளையும் விசிறியையும் ஒரே அளவில் நிறுத்திவிட்டு ஸ்டெடி ஸ்டேட் வந்ததைக் குறித்துக்கொண்டாள். கோடு கிடையாக ஓடியது. பிறகு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

"தாத்தா, நான் எதையும் தொடலையே, ஏன் ஏறுது?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் பிடரியில் பழைய கொட்டகையின் காற்று பட்டது. யாராவது கதவைத் திறந்தார்களா என்று கேட்கப் போனேன். அங்கே யாரும் இல்லை. கதவும் 600 கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் கேட்காமல் இருந்தேன். அவள் சுருளின் எண்ணைப் பார்த்தாள், மாறவில்லை. விசிறியின் எண்ணைப் பார்த்தாள், மாறவில்லை. முன்பதிவு முடிய இருபது நிமிடம் இருந்தது. செய்ய வேண்டிய வேறொரு பகுதியை விட்டுவிட்டு, சுருளை அணைத்தாள். விசிறியை ஓடவிட்டு, தகடு குளிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இரவில் முதல் முறையாக அவள் காத்திருந்தாள். தொடக்கத்தில் தகடு 24.5 டிகிரியில் இருந்திருக்கிறது. இப்போது குளிர்ந்து 27க்கு வந்ததும் நின்றுவிட்டது.

"ரூமே சூடாயிடுச்சு தாத்தா" என்றாள்.

கருவியைக் கவனித்துக்கொள்கிறவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: இரவு 10 மணி கடந்ததும் காவலர் அந்த அறையின் ஏ.சி.யை அணைத்துவிட்டாராம். அந்தப் பதில் எழுதியவர் எங்கள் ஆய்வக அண்ணனின் இடத்தில் இருப்பவர். விசிறியில் தூசி துடைப்பதும், தளர்ந்த உணரியை இறுக்குவதும், நின்றுபோன சர்வரை மீண்டும் ஓட விடுவதும் அவர்தான். தொலைவிலிருந்து இயக்கும் கருவிக்கும் அருகில் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். பேத்திக்கு அவர் முகம் தெரியாது.

நாங்கள் பிடரியால் அறிந்ததை அவள் எண்களால் அறிந்தாள். நாங்கள் அறிந்தது உடனே. அவள் அறிந்ததற்கு இருபது நிமிடம் ஆனது. ஆனால் எங்கள் அறிவுக்கு எண் இல்லை. 'காத்து வந்துச்சு சார்' என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அவளால் அறை இரண்டரை டிகிரி சூடாகியிருக்கிறது என்று சொல்ல முடிந்தது.

காற்றில் வைத்த இரும்பு

இதே இரும்பையும் இதே காற்றையும் வைத்து 1701இல் நியூட்டன் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவர் லண்டன் நாணயச் சாலையின் தலைவர். கட்டுரையில் தம் பெயரைப் போடவில்லை. ஆளி விதை எண்ணெய் நிரப்பிய வெப்பமானி. நீர் உறையும் நிலைக்கு 0, மனித உடலின் சூட்டுக்கு 12 என்று அவரே வகுத்துக்கொண்ட அளவுகோல். அதன் எல்லைக்கு மேற்பட்ட சூட்டை அளக்க, ஒரு கனத்த இரும்புத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, சீராக வீசும் காற்றில் வைத்து, அது குளிர ஆகும் நேரத்தைக் குறித்தார். அசையாத காற்றில் வைக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டே சொன்னார். வீசும் காற்றில்தான் சம நேரத்தில் சம அளவு காற்று சூடாகிப் போகும் என்பது அவர் எண்ணம். நியூட்டனின் இரும்பும் காற்றும், பவாயில் பிறந்த பலகையின் தகடும் விசிறியும் அடிப்படையில் ஒரே அமைப்பு. 320 ஆண்டுகளில் மாறியது, இரும்புக்கும் அதைப் பார்க்கிறவருக்கும் இடையே உள்ள தூரம்.

தூரம் கூடியதால் கிடைத்தவை பெரியவை. கருவி வாங்க வழியில்லாத கல்லூரியின் மாணவருக்கும் கருவி கிடைக்கிறது. விடுதியின் கதவு சாத்திய பிறகும், மாடிப்படி ஏற முடியாதவருக்கும் ஆய்வகம் திறந்திருக்கிறது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது, இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே பல ஆசிரியர்களுக்கு முதல் முறையாகத் தெரிந்தது. இழந்தவற்றுக்குக் கணக்கு எழுதுவது கடினம். அவை கையிலும் மூக்கிலும் பிடரியிலும் இருந்தவை. காத்திருப்பும் அவற்றில் ஒன்று. ஸ்டெடி ஸ்டேட்டுக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில்தான் 'ஏன் நுனி குறைவாகச் சூடாகிறது' என்று எங்களுக்குள் வாதாடினோம். பாடம் புரிந்தது அந்த வாதத்தில்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை நான் பணியாற்றிய கொட்டகைக்குப் போனேன். கொட்டகை இல்லை. அங்கே குளிர்சாதன வசதியோடு கணினி அறை நின்றது. பழைய கருவிகளை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பித்தளைக் கம்பிக்கு நல்ல விலை கிடைத்ததாம்.

என் வேண்டுகோள் கல்லூரிகளில் இன்று இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கு. தொலைவிலிருந்து இயக்கும் சோதனைகளைச் சேருங்கள். ஒவ்வொரு மாணவரும், குறிப்பாக ஒவ்வொரு மாணவியும், தனி ஆளாக ஒரு கருவியை முழுமையாக இயக்கும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்து பேராக, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு பித்தளைக் கம்பியின் பக்கத்தில் அவர்களை உட்கார வையுங்கள். குளிர் முனைக்கான பனிக்கட்டியையும் அவர்களே அலசட்டும். உங்கள் ஆய்வகத்தில் பின் ஃபின் கருவி இன்னும் மிச்சம் இருந்தால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.